சோமெய் யொஷினோ: ஒரு பூமரத்தின் வயதும் ஒரு மரபின் வயதும்

யப்பான் என்றவுடன் புஜி மலையும் செரிப்பூவும் மனக்கண்ணில் தோன்றுமளவுக்கு அவ்விரண்டின் படங்களும் உலகெங்கும் பரவியுள்ளன. அப்படங்களில் நாம் காணும் செரி பெரும்பாலும் ஒரே வகையினது. இலை தளிர்க்குமுன்னரே கிளை மறையப் பூத்து, அரும்பில் இளஞ்சிவப்பாகவும் மலர்ந்தபின் ஏறக்குறைய வெண்மையாகவும் தோன்றி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒருசேர உதிர்ந்துபோவது அது. யப்பானியர் இதனைச் 'சோமெய் யொஷினோ' என்பர். தாவரவியலார் இட்ட பெயர் புரூனஸ் எடோயென்சிஸ். இன்று யப்பானின் ஆற்றங்கரைகளிலும் பாடசாலை வளவுகளிலும் கோட்டைப் பூங்காக்களிலும் நிற்கும் அலங்காரச் செரிகளுட் பெரும்பான்மை இவ்வொரு வகையே. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட யப்பானிய அழகுணர்வின் வடிவமாக இது எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே டோக்கியோவின் புறத்தேயிருந்த ஒரு நாற்றுமேடைக் கிராமத்திலிருந்து விற்பனைக்கு வந்த மரமே இதுவென்பது ஆராய்ச்சியாளர் இன்று ஏற்கும் முடிபாகும். செரிப்பூவைப் போற்றும் மரபுக்கும், இன்று அம்மரபின் உருவாக நிற்கும் இம்மரத்துக்கும் இடையே ஆயிரமாண்டு இடைவெளி உண்டு. அவ்விடைவெளி மறைந்துபோன விதத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை வெறுந் தாவரவியல் நுணுக்கமெனத் தள்ளிவிடல் இயலாது. 1944ஆம் 1945ஆம் ஆண்டுகளில் இருபது வயதளவினரான இளைஞர் பலர் செரிப்பூவின் பெயரால் சாவுக்கு அனுப்பப்பட்டனர். பூ உதிர்வதுபோல் உயிர் துறத்தல் தொன்றுதொட்டு வந்த யப்பானிய இயல்பென்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்நியாயம் எத்துணைப் பழைமையுடையது என்ற வினாவுக்கு இம்மரத்தின் வரலாறு ஓரளவு விடை தருகின்றது.

முதலிற் பழைய நிலையை நோக்குதல் தகும். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'மன்யோஷு' என்னும் பாடற்றொகையில் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் பிளம் பூவைப் பாடுகின்றன. செரியைப் பாடுவன ஏறத்தாழ நாற்பதே. பிளம் சீனத்திலிருந்து வந்த மரம். சீனப் பண்பாட்டை முன்மாதிரியாகக் கொண்ட அரசவையார் அதனை விரும்பியதில் வியப்பில்லை. 812ஆம் ஆண்டிலே பேரரசர் சாகா கியோத்தோவிலுள்ள ஷின்செனென் பூங்காவில் நடத்திய பூ விருந்து, செரிப்பூவின் பொருட்டு அரசவை நடத்திய விருந்துகள் பற்றிய மிகப் பழைய குறிப்பாகக் கொள்ளப்படுகின்றது. 905ஆம் ஆண்டளவில் எழுந்த 'கொக்கின்ஷு' தொகையில் நிலை தலைகீழாகிவிட்டது. அக்காலந்தொட்டு, அடையெதுவுமின்றிப் 'பூ' என்றாலே செரிப்பூவைக் குறிக்கும் வழக்கு யப்பானியக் கவிதையில் நிலைபெற்றது.

அப்புலவர்கள் பாடிய செரி எது என்பதே நமக்கு முக்கியமானது. அது 'யமசக்குரா' எனப்படும் மலைச்செரி. விதையிலிருந்து முளைப்பதாதலின் ஒரு மரம்போல் இன்னொன்று இராது. செம்பு நிறத் தளிரும் பூவும் ஒருங்கே தோன்றும். தளிரின் நிறமும் பூவின் வெண்மையும் பூக்கும் நாளும் மரத்துக்கு மரம் வேறுபடும். நாரா மாகாணத்து யொஷினோ மலை இவ்வகைச் செரிக்குப் பெயர்பெற்ற தலம். அங்கே அடிவாரத்திற் றொடங்கும் பூப்பு, சரிவுகளில் மெல்ல மெல்ல மேலேறி மலையின் உட்பகுதியை அடையப் பல நாட்கள் செல்லும். கீழ்ப்பகுதி உதிரும்போது மேற்பகுதி அரும்பும். பூவின் நிலையாமையைப் பாடிய புலவர் பழங்காலத்திலும் பலர் இருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவியாகிய சைக்யோ யொஷினோவின் செரிகளிலே தோய்ந்து, அப்பூக்களின் கீழ் வேனிற் பருவத்தில் இறக்க விரும்பிப் பாடியவர். எனினும் அவர் வேண்டியது தம் சாவையே, பிறர் சாவையன்று. அரசனுக்காக உயிர்விடும் கடமையை அப்பாடல்களிற் காண்பதற்கில்லை.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர் அறியத்தக்க ஒரு செய்தியைக் கூறிச் செல்வோம். கியோத்தோவில் அரசவையாரும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலே செரிவிருந்து நடந்த நாள்களும் பூ மலர்ந்த நாள்களும் காணப்படுகின்றன. ஒசாக்கா மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவோனோ யசுயுக்கி இவற்றைத் திரட்டி, ஒன்பதாம் நூற்றாண்டு முதலான மலைச்செரியின் முழுப்பூப்பு நாள்களை நிரல்படுத்தினார். 2021ஆம் ஆண்டில் மார்ச் 26ஆந் திகதி முழுப்பூப்பு நிகழ்ந்தபோது, ஏறத்தாழ 1200 ஆண்டுகளில் அதுவரை பதிவான நாள்களுள் அதுவே முந்தியது என்று கூற முடிந்தது இத்தொகுப்பினாலேயே. களியாட்டத்தைக் குறித்துவைத்தவர்கள் காலநிலையின் சான்றையும் தம்மையறியாமலே விட்டுச்சென்றனர்.

தொக்குகாவா ஆட்சிக் காலத்திற் செரிப்பூ அரசவையைக் கடந்து பொதுமக்களை அடைந்தது. எட்டாவது ஷோகனாகிய யொஷிமுனே 1720களில் எடோ நகரின் அசுக்கயாமா முதலிய இடங்களில் செரிகளை நடுவித்து மக்களுக்குத் திறந்துவிட்டார். சிற்றரசர் யாவரும் முறைவைத்து எடோவில் வந்து தங்கவேண்டுமென்ற விதி இருந்தமையால், பல மாகாணங்களின் செரிவகைகள் அவர்தம் மாளிகைத் தோட்டங்களில் ஒன்றுகூடின. ஒற்றைப்பூ, அடுக்குப்பூ, வெண்மை, செம்மை, பசுமஞ்சள் எனப் பலநூறு வகைகள் பேணப்பட்டன. இத்தோட்டங்களுக்கு மரம் வழங்கிய தொழிலாளர் குடியிருப்புகளுள் ஒன்றே சோமெய்க் கிராமம். இன்று டோக்கியோவின் தொஷிமா வட்டாரத்துக் கொமகோமேப் பகுதியில் அடங்கியது. அவ்வூர்த் தோட்டக்காரரான இத்தோ இஹெய் 1692ஆம் ஆண்டிலேயே அசேலியாச் செடிகள் பற்றி நூலெழுதி வெளியிட்டவர். 1860ஆம் ஆண்டில் யப்பானுக்கு வந்த பிரித்தானியத் தாவர சேகரிப்பாளர் றொபேட் போச்சூன் அவ்வூர் நாற்றுமேடைகளின் பரப்பைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

ஷோகன் ஆட்சி முடிந்து மெய்ஜி ஆட்சி தொடங்கிய காலப்பகுதியில், இக்கிராமத்தார் ஒரு புதிய செரியை 'யொஷினோச் செரி' என்ற பெயரில் விற்றனர். யொஷினோ மலைக்கும் அம்மரத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. மலையின் புகழ் மரத்தின் விலைக்கு உதவியது. வணிகர் வழக்கம் எந்நாட்டிலும் அதுதானே! 1900ஆம் ஆண்டில் பூங்காச் செரிகளை ஆராய்ந்த புஜினோ யொரினாகா, இது மலைச்செரியின் வேறென்பதை உணர்ந்து, மயக்கம் நீங்கச் 'சோமெய் யொஷினோ' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டில் மத்சுமுரா ஜின்ஸோ இதற்கு விஞ்ஞானப் பெயர் வழங்கினார்.

இம்மரத்தின் பிறப்புப் பற்றிய விவாதம் நீண்டது. 1916இல் அமெரிக்கத் தாவரவியல் நிறுவனமொன்றின் சார்பில் யப்பானிய செரிகளை ஆராய்ந்த ஏர்ணஸ்ட் வில்சன், இது எடோஹிகான், ஒஷிமா என்னும் இரு செரிகளின் கலப்பாகலாமெனக் கருதினார். தகெனாக்கா யோ 1960களில் வெளியிட்ட கலப்புப் பரிசோதனை முடிவுகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. கொரியாவின் ஜேஜு தீவில் இதனையொத்த செரி இயற்கையாக வளர்ந்தமையால், இதன் தாயகம் அத்தீவே என 1932இல் கொய்சுமி கென்இச்சி வாதித்தார். யப்பானின் தேசியச் சின்னம் அதன் குடியேற்ற நாட்டிலிருந்து வந்ததென்ற இக்கருத்து கொரியாவில் விரும்பப்பட்டதும் யப்பானிற் பலருக்குக் கசந்ததும் இயல்பே. கொரிய ஆய்வாளரே 2018இல் வெளியிட்ட பரம்பரையலகு ஆய்வு, ஜேஜு செரியும் சோமெய் யொஷினோவும் வெவ்வேறு கலப்புகள் என்று காட்டி இவ்வழக்கைப் பெரிதும் தீர்த்துவைத்தது.

இவற்றினும் முக்கியமானது மற்றோர் உண்மை. சோமெய் யொஷினோ தன் மகரந்தத்தால் தான் கருவுறாது. வேறு செரியோடு கலந்து காய்த்தாலும் அவ்விதையில் முளைப்பது சோமெய் யொஷினோவாக இராது. எனவே ஒட்டுக்கட்டையில் அதன் முளையை ஒட்டியே இதனைப் பெருக்கவேண்டும். 1995இல் வெளிவந்த பரம்பரையலகு ஆய்வு, பல இடங்களிலிருந்து பெறப்பட்ட மரங்கள் யாவும் ஒன்றையொன்று முற்றும் ஒத்தவை என நிறுவியது. எனின், நாடெங்கும் நிற்கும் பல இலட்சம் மரங்களும் என்றோ நின்ற ஒரேயொரு மரத்தின் கிளைகளே. ஒரே வட்டாரத்தில் அவை ஒரே நாளில் மலர்வதும் ஒருசேர உதிர்வதும் இதனாலாகும். உதிர்வின் அந்த ஒருமைப்பாடு யொஷினோ மலைக்குரியதன்று. மன்யோஷு காலத்தவர் கண்டதுமன்று. ஒட்டுக்கத்தியின் விளைவு அது.

மெய்ஜி அரசு இம்மரத்தை விரைந்து பரப்பியதற்குக் காரணங்கள் பல. ஒட்டிய சில ஆண்டுகளிலே பூக்கும், விரைந்து வளரும், மலிவானது. 1873இல் அரசு பெரும்பாலான கோட்டைகளைக் கைவிட முடிவுசெய்தது. பழைய சிற்றரசுகளின் அடையாளமாகிய அவ்விடங்கள் பூங்காக்களாயின. வடக்கேயுள்ள ஹிரோசாக்கிக் கோட்டையில் 1882இல் கிக்குச்சி தத்தேயே என்னும் முன்னாட் சாமுராய் ஆயிரம் சோமெய் யொஷினோக் கன்றுகளை நட்டார். கோட்டையைக் களியாட்டிடமாக்குவதா எனச் சினந்த பழைய சாமுராய்கள் கன்றுகளைப் பிடுங்கியெறிந்தனரென்று கூறப்படுகின்றது. சாமுராயின் சின்னம் செரி என்று பிற்காலத்தில் முழங்கப்பட்டதை நினைக்கும்போது இச்சம்பவம் சிந்தனைக்குரியது. செரியைத் தம் சின்னமென்று மெய்யாகவே அவர்கள் கருதியிருப்பின், அதனை வேரோடு பிடுங்கியிருப்பார்களா?

சின்னமாக்கும் பணி வேறிடங்களில் நடந்தது. புதிய அரசின் பொருட்டுப் போரில் இறந்தோரை வழிபடுவதற்கென 1869இல் டோக்கியோவில் அமைக்கப்பெற்ற ஆலயம், 1879இல் 'யசுகுனி' எனப் பெயர்பெற்றது. அங்கே 1870இல் முதற்செரிகளை நட்டவர் மெய்ஜித் தலைவர்களுள் ஒருவரான கிடோ தக்கயோஷி என்பது அவ்வாலயத்தார் கூற்று. 1904-05 உருசியப் போர் வெற்றியின் நினைவாகவும் பல ஊர்களில் செரிகள் நடப்பட்டன. நிதோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதி 1900ஆம் ஆண்டளவில் வெளிவந்த 'புஷிதோ' என்னும் நூல், சாமுராய் அறத்தைச் செரிப்பூவோடு இணைத்து அதனை யப்பானிய மண்ணுக்கே உரியதெனக் கூறித் தொடங்குகின்றது. எங்கும் நடப்பட்டுக்கொண்டிருந்த செரி ஒரு நாற்றுமேடைச் சரக்கென்பதைத் தாவரவியலாளர் இனங்கண்டதும் அதே காலத்திற்றான். 1933இல் வெளிவந்த முதலாந் தர மொழிப் பாடநூல் செரி பூத்த செய்தியோடு தொடங்கியமையால் 'சக்குரா வாசகம்' என்றே பெயர்பெற்றது. அதனை ஆறு வயதிற் கையிலெடுத்த பிள்ளைக்கு 1945இல் வயது பதினெட்டு.

1944 ஒக்ரோபரில் பிலிப்பைன்சில் அமைக்கப்பட்ட முதல் தற்கொலை விமானப் பிரிவுகள் நான்கின் பெயர்கள் ஷிக்கிஷிமா, யமத்தோ, அசாஹி, யமசக்குரா. பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மொத்தோஓரி நொரினாகா 1790இல் தம் உருவப்படத்தின்மேல் எழுதிய சிறு பாடலொன்றிலிருந்து இந்நான்கு சொற்களும் எடுக்கப்பட்டன. யப்பானியரின் உள்ளம் எத்தகையதென வினவுவார்க்கு அவர் காட்டும் விடை, காலை வெயிலில் ஒளிரும் மலைச்செரிப்பூ. அப்பாடலில் உதிர்தல் இல்லை, போர் இல்லை, பூ மரத்திலேயே இருக்கின்றது. தம் புதைகுழியருகே மலைச்செரியொன்றை நடும்படி இறுதிச் சாசனத்தில் எழுதிவைத்த அம்மனிதர் நேசித்தது பூத்து நின்ற மரத்தையே. வெட்சியும் வஞ்சியும் தும்பையும் போருக்குப் பெயராகி நின்ற இலக்கணத்தைப் பயின்ற நமக்குப் பூ போர்ச்சின்னமாதல் புதிதன்று. ஆனால் சூடிய பூவாலன்றிச் சொல்லப்படாத பொருளொன்றைப் பாடலின்மேல் ஏற்றியமையே ஈண்டு நிகழ்ந்தது.

1945இல் 'ஓக்கா', அதாவது செரிப்பூ, என்ற பெயரில் ஓர் ஊர்தி போருக்கு வந்தது. குண்டுவீச்சு விமானத்தின் அடியிற் கட்டித் தூக்கிச்சென்று விடப்படும் அதில் வெடிமருந்தோடு ஓர் ஓட்டியும் இருப்பான். இறங்குதற்குரிய சக்கரம் அதற்கில்லை. மார்ச் 21ஆந் திகதி நடந்த முதல் தாக்குதலில், அவற்றைத் தாங்கிச்சென்ற விமானங்கள் யாவும் இலக்கை அடையுமுன்னரே வீழ்த்தப்பட்டன. மானிடவியலாளரான எமிக்கோ ஒனுக்கி-தியேர்ணி, பல்கலைக்கழகத்திலிருந்து போருக்கு எடுக்கப்பட்ட மாணவர்களின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். அரசு சொன்னதை அப்படியே நம்பிச் சென்றவர்களாக அவர்களைக் கொள்ளமுடியாதென்பதும், மேலைத் தத்துவங்களையும் இலக்கியங்களையும் கற்றுச் சாவின் பொருளை வினவியபடியே அவர்கள் சென்றனரென்பதும் அவர் காட்டும் உண்மைகள். அழகுச்சின்னம் பல பொருள் உடையதாதலின், அரசு ஒரு பொருளிலும் மாணவன் வேறொரு பொருளிலும் அதே பூவைக் காணமுடிந்தது; அவ்வேறுபாடு இருவர்க்கும் தெரியாமலே போயிற்று என்பது அவர் கருத்து. இவ்விளக்கம் நமக்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்வோம்: ஒருசேரப் பூத்து ஒருசேர உதிரும் ஒரே மரத்தை வீதிதோறும் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, அணிவகுப்பிற்கும் பூவுக்கும் உள்ள ஒப்புமையைக் கண்ணாற் காணமுடிந்தது. பலவகை மலைச்செரிகளை மட்டும் கண்டிருப்பின் அவ்வுவமை இத்துணை எளிதில் ஒட்டியிராது.

யப்பானியர் ஆண்ட நாடுகளிலும் இம்மரம் சென்றது. சியோல் நகரத்துச் சாங்கியொங் அரண்மனையை அவர்கள் 1909இல் மிருகக்காட்சிச்சாலையாகவும் தாவரத் தோட்டமாகவும் திறந்துவைத்துச் செரிகளை நட்டனர். 1911இல் அரண்மனை என்ற சொல்லையே பெயரிலிருந்து நீக்கிப் பூங்காவாக்கினர். 1920களில் அங்கே விளக்கொளியில் இரவுச் செரிவிழா நடந்தது. 1980களில் கொரிய அரசு அரண்மனையை மீளமைத்தபோது மிருகங்களோடு செரிகளும் வெளியேற்றப்பட்டன. யப்பானியக் கடற்படைத் துறைமுகமாயிருந்த சின்ஹேயில் கதை வேறுவிதமாயிற்று. விடுதலையின்பின் அங்கு பல செரிகள் வெட்டப்பட்டன. ஜேஜுவே செரியின் தாயகமென்ற எண்ணம் பரவியபின் 1960களில் மீள நடப்பட்டன. மரம் மாறவில்லை, அதன் குடியுரிமை பற்றிய நம்பிக்கையே மாறிற்று.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகருக்கு அனுப்பப்பட்ட செரிகளின் கதை பலரும் அறிந்தது. 1910இல் வந்த 2000 மரங்களும் பூச்சியும் நோயும் கண்டிருந்தமையால் எரிக்கப்பட்டன. டோக்கியோ நகரபிதா ஒசாக்கி யுக்கியோ மீண்டும் அனுப்பிய 3020 மரங்கள் 1912இல் வந்துசேர்ந்தன. 1941 டிசெம்பரிற் போர் மூண்ட சில நாள்களில் அவற்றுள் நான்கு வெட்டப்பட்டன. பலர் அறியாத பகுதி இதுவே: இரண்டாவது தொகுதிக்கு ஒட்டுமுளைகள் டோக்கியோவின் அரக்காவா ஆற்றங்கரையிலிருந்து எடுக்கப்பட்டன. 1886இல் கொஹோக்குக் கிராமத் தலைவர் ஷிமிசு கெங்கோ, எடோ மாளிகைத் தோட்டங்கள் அழிந்தபோது தப்பிய 78 வகைச் செரிகளை அங்கே நட்டிருந்தார். சோமெய் யொஷினோ நாட்டை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில் பழைய பன்மைக்கு எஞ்சிய புகலிடம் அக்கரையே. பின்னர் ஆற்றுவேலைகளாலும் புகையாலும் போர்க்கால விறகுத் தட்டுப்பாட்டாலும் அம்மரங்கள் அழிந்தன. 1952இல் அவற்றை மீட்பதற்கென யப்பானியர் உதவி கேட்க, வாஷிங்டனிலிருந்து ஒட்டுமுளைகள் திரும்பி வந்தன.

இதனையொத்த மற்றொரு மீட்சி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. கெண்ட் மாகாணத்துப் பெனண்டனில் வாழ்ந்த கொலிங்வூட் இன்கிரம் 1926இல் யப்பானுக்குச் சென்று, செரிவகைகள் அருகிவருவதை அந்நாட்டுச் செரிச் சங்கத்தாருக்கே எடுத்துரைத்தார். அரக்காவாச் செரிகளைப் பேணிய புனத்சு செய்சக்கு, தம் முன்னோரொருவர் வரைந்த பெரிய வெண்செரியின் ஓவியத்தைக் காட்டி, அம்மரம் அற்றுப்போயிற்றென வருந்தினார். சசெக்ஸ் தோட்டமொன்றில் சாகுந்தறுவாயில் நின்ற மரத்திலிருந்து தாம் எடுத்து வளர்த்த செரியே அதுவென்பதை இன்கிரம் உணர்ந்தார். அனுப்பிய ஒட்டுமுளைகள் வழியிற் பலமுறை பட்டுப்போயின. இறுதியில் முளைகளின் அடியை உருளைக்கிழங்கிற் செருகிச் சைபீரியப் புகையிரத வழியே அனுப்பியபோது அவை உயிரோடு சென்றன. 1932இல் 'தைஹாக்கு' என்னும் அச்செரி கியோத்தோவில் மீண்டும் வேர்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டிற்றான் யப்பானியப் படை மஞ்சூரியாவிற் புகுந்திருந்தது.

போருக்குப்பின் நடப்பட்ட சோமெய் யொஷினோக்கள் இன்று முதுமையடைந்துவிட்டன. அனைத்தும் ஒரே உடம்பாதலின் ஒன்றைத் தாக்கும் நோய் மற்றதையும் தாக்கும். கிளைகளைத் துடைப்பம்போலாக்கும் பங்கசு நோய் இவற்றுக்குப் பெரும் பகை. கன்றுகளை வழங்கிவந்த யப்பானிய மலர்ச் சங்கம் 2009இல் இவ்வகையின் விற்பனையை நிறுத்தி, 'ஜிந்தாய் அக்கெபோனோ' என்ற வேறு செரியைப் பரிந்துரைத்தது. ஹிரோசாக்கி மட்டும் விதிவிலக்கு. அப்பிள் விளையும் அவ்வூரார் அப்பிள் மரத்தைக் கவ்வாத்துச் செய்யும் முறையைச் செரிக்கும் கையாண்டமையால், நூறாண்டு கடந்த மரங்கள் அங்கே முந்நூறுக்கு மேல் நிற்கின்றன. சாமுராய்களின் கைக்குத் தப்பிய 1882ஆம் ஆண்டு மரமும் அவற்றுள் ஒன்று.

டோக்கியோவிற் செரி மலர்ந்துவிட்டதென அறிவிப்பதற்கு யப்பானிய வானிலை நிலையத்தார் பார்ப்பது யசுகுனி ஆலய வளவிலுள்ள ஒரு சோமெய் யொஷினோவையே. அதில் ஐந்தாறு பூக்கள் விரிந்தாற் பூப்புத் தொடங்கியதாகக் கணக்கு. நாடு முழுவதும் இவ்வொரு மரத்தின் உடன்பிறப்புகளையே நோக்கிக்கொண்டிருக்க, 2018இல் யப்பானியக் காட்டாராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தோர் கீ தீபகற்பத்தின் தென்பகுதி மலைகளில் வளரும் செரியொன்றைத் தனியினமென விவரித்து 'குமனோ சக்குரா' எனப் பெயரிட்டனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின்பின் யப்பானில் இனங்காணப்பட்ட முதற் காட்டுச்செரி அது. யொஷினோ மலையும் அதே தீபகற்பத்தின் வடபகுதியிலேயே உள்ளது.